புரூஸ் கேம்பல்: குறைந்த செலவுப் பேய்ப்படத்தில் நடிகனுக்கு உண்மையில் என்ன வேலை?

#1 செந்தூல்_இரவுக்காட்சி

கோலாலம்பூர் பக்கம் தமிழில் பேய்க் குறும்படம் எடுக்கிற தம்பி தங்கைகள் நடிகர் தேடிப் போடும் அறிவிப்புகளில் "முகவெட்டு நன்றாக இருக்கவேண்டும், அனுபவம் தேவையில்லை" என்றுதான் இருக்கிறது. பேய்ப்படத்துக்கு இது சரிப்படாது என்பது என் எண்ணம். அதற்கு அமெரிக்க நடிகர் புரூஸ் கேம்பலின் தொழில்வாழ்க்கையைத்தான் சான்றாக வைப்பேன்.

1958-இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், ராயல் ஓக்கில் பிறந்தவர். பள்ளிக்கூடத்திலேயே, பிற்பாடு இயக்குநரான சாம் ரெய்மியோடு கூட்டு. சூப்பர் 8 கேமராவில் இருவரும் நண்பர்களோடு சேர்ந்து சின்னச் சின்னப் படங்கள் எடுத்தார்கள். பிறகு 'விதின் தி உட்ஸ்' என்று அரை மணி நேரப் படம் ஒன்று. முதல் போடுகிறவர்களிடம் காட்டிப் பணம் திரட்டுவதற்காகவே எடுத்தது அது. திரட்டிய பணத்தோடு 1979 நவம்பரில் டென்னசி மாநிலத்து மோரிஸ்டவுனில் ஒரு பாழடைந்த காட்டு வீட்டுக்குப் போனார்கள். அங்கே ரெய்மி இயக்க, கேம்பல் நாயகனாக நடித்து உருவான பேய்ப்படம் 'தி ஈவில் டெட்' 1981 அக்டோபர் 15 அன்று டெட்ராய்ட்டில் உள்ள ரெட்ஃபோர்ட் தியேட்டரில் முதன்முதலாகத் திரையிடப்பட்டது.

பெரிய நட்சத்திரமாக ஆகாமலேயே 40 ஆண்டுக்கு மேல் நிலைத்திருக்கிறார் மனிதர். எதனால்? விவரம் தெரிந்தவர்கள் தொழில் நுணுக்கத்தோடு எழுதுங்கள். நம்ம ஊர்ச் சூடு, ஈரம், சட்டதிட்டம் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்து எழுதினால் படம் எடுக்கிற பிள்ளைகளுக்கு உதவும்.

#2 ரீல்பெட்டி

நல்ல இழை. முதலில் பணத்தைப் பற்றிப் பேசிவிடுவோம், ஏனென்றால் கேம்பலின் கதை அங்கேதான் தொடங்குகிறது.

அந்தப் படத்துக்கு ஆன செலவு ஏறத்தாழ 3,75,000 டாலர். ஒரே மூச்சில் வந்த பணம் இல்லை. 16 மி.மீ. ஃபிலிமில் எடுத்தார்கள். தியேட்டரில் ஓட வேண்டுமென்றால் 35 மி.மீ.-க்குப் பெரிதாக்க வேண்டும், அந்த லேப் வேலைக்குப் பெரிய தொகை ஆகும். கையிருப்பு தீர்ந்துபோன கட்டத்தில் கேம்பல் தன் குடும்பத்து நிலத்தை ஈடாக வைக்க ஏற்பாடு செய்தார். கதாநாயகனே தயாரிப்பில் பங்காளி. இது சும்மா பெயருக்குப் போட்ட பட்டம் இல்லை.

ஆறு வாரத்தில் முடியும் என்று போட்ட திட்டம் இழுத்துக்கொண்டே போக, நடிகர்கள் பலர் ஊர் திரும்பிவிட்டார்கள். மிஞ்சியவர் கேம்பலும் கைவிட்டு எண்ணக்கூடிய சில தொழிலாளர்களும்தான். போனவர்களுக்குப் பதிலாக யாரையாவது நிறுத்தி, முதுகையோ கையையோ மட்டும் எடுத்துக் காட்சியை ஒப்பேற்றினார்கள். இப்படி நிற்கிறவர்களுக்கு 'ஃபேக் ஷெம்ப்' என்று பெயர். 'த்ரீ ஸ்டூஜஸ்' என்ற அமெரிக்க நகைச்சுவைக் குழுவின் ஷெம்ப் ஹோவர்ட் 1955-இல் இறந்த பிறகு, மாற்று ஆளை வைத்து அவருடைய குறும்படங்களை முடித்தார்கள் அல்லவா, அதிலிருந்து எடுத்துக்கொண்ட பெயர்.

குறும்படம் எடுக்கிறவர்களுக்கு இதில் ஒரு சங்கதி உண்டு. கடைசி நாள்வரை எந்த நடிகர் இருப்பார் என்பதை முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். மற்றவர்களின் முகம் தெரியும் ஷாட்டுகளை முதல் இரண்டு நாளில் முடித்துவிடுங்கள். கை, கால், முதுகு, நிழல் எல்லாம் பின்னால் யாரை வைத்து வேண்டுமானாலும் எடுக்கலாம். உடுப்பை மட்டும் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். நடிகர் சொந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டால் மாற்று ஆளை நிறுத்தவே முடியாது.

#3 மூன்றாம்வரிசை

எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. ரெய்மி என்ற நண்பர் இல்லாவிட்டால் கேம்பல் எங்கே இருந்திருப்பார்? 1987-இல் இரண்டாம் பாகம், 1992-இல் 'ஆர்மி ஆஃப் டார்க்னஸ்', பிறகு மூன்று ஸ்பைடர்மேன் படங்களிலும் தலைகாட்டல். எல்லாம் ரெய்மி கொடுத்தது. நடுவில் சொந்தமாகப் போய் நடித்த 'மேனியக் காப்' (1988), 'மூன்ட்ராப்' (1989) வகைப் படங்களை அவருக்காகவே தேடிப் பார்ப்பவர்கள் எத்தனை பேர்? ஈவில் டெட் படங்களின் நாயகன் ஆஷ் என்ற ஒரே பாத்திரத்துக்குள் மாட்டிக்கொண்டவர் என்றுதான் சொல்ல வேண்டும். அதை வெற்றி என்று இளம் நடிகர்களுக்குக் காட்டினால் அவர்களைத் தவறான பாதையில் விடுகிறோம்.

#4 ஒப்பனைமேசை

பாத்திரத்தில் மாட்டிக்கொண்டாரா இல்லையா என்பது பிறகு இருக்கட்டும். அந்தப் பாத்திரத்தை நடிக்க உடம்பு என்ன பாடுபட்டது என்பதைப் பார்த்தால் முதல் பதிவு சொல்வது சரி என்று படும்.

ரத்தம்: அவர்கள் பயன்படுத்தியது காரோ கார்ன் சிரப், சிவப்புச் சாயம், பாலில்லாத காப்பி கிரீமர். கிரீமர் எதற்கென்றால், வெறும் சிரப்பும் சாயமும் கண்ணாடி மாதிரி ஒளியை உள்ளே விட்டுவிடும். கேமராவில் அது ஜெல்லிபோல் தெரியும். கிரீமர் கலந்தால் ஒளி ஊடுருவாமல் ரத்தமாகத் தெரியும்.

நம்ம ஊரில் கார்ன் சிரப்புக்குப் பதில் கேக் சாமான் கடையில் விற்கிற குளுக்கோஸ் சிரப் எடுத்துக்கொள்ளுங்கள். நான் சொல்லும் அளவு: குளுக்கோஸ் சிரப் 1 கிலோ, வெந்நீர் 200 முதல் 250 மி.லி., சிவப்பு உணவுச் சாயம் 15 மி.லி., கொக்கோ தூள் ஒரு தேக்கரண்டி, காப்பி கிரீமர் இரண்டு மேசைக்கரண்டி. கிரீமரையும் கொக்கோவையும் வெந்நீரில் தனியாகக் கரைத்து மெல்லிய துணியில் வடிகட்டிய பிறகே சிரப்பில் சேர்க்க வேண்டும். நேரடியாகப் போட்டால் கட்டி தட்டும், குழாய் அடைக்கும். பளீரென்ற சிவப்பு வேண்டாமென்றால் நீலச் சாயம் ஒரு சொட்டு, மிஞ்சினால் இரண்டு. மூன்றாவது சொட்டில் ஊதா அடித்துவிடும்.

சீறிப் பாய வேண்டுமா? பூச்சி மருந்து அடிக்கும் 5 லிட்டர் கைப்பம்ப் புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். மருந்து ஊற்றிய பழைய பம்ப் எக்காரணம் கொண்டும் கூடாது. 8 மி.மீ. தெளிவான பிளாஸ்டிக் குழாயைப் பொருத்தி, கலவையில் இன்னும் 300 மி.லி. தண்ணீர் கூட்டுங்கள். முடிந்ததும் வெந்நீரால் பம்பைக் கழுவாவிட்டால் மறுநாள் வால்வு ஒட்டிக்கொள்ளும்.

சர்க்கரைப் பாகு உடுப்பில் காய்ந்தால் அட்டையாக விறைக்கும். கேம்பலின் சட்டை அப்படி ஆனதாக அந்தப் படப்பிடிப்பைப் பற்றிய பேச்சுகளில் வரும். குளிருக்கு மூட்டிய நெருப்பில் காயவைத்தார்கள், தண்ணீர் வற்றிப் பாகு இறுகிவிட்டது. இங்கே நிலைமை நேர்மாறு. வெளியே காற்றில் ஈரம் அதிகம், பாகு காயவே காயாது, ஒட்டிக்கொண்டே இருக்கும், எறும்பும் ஈயும் மொய்க்கும். குளிர்சாதன அறைக்குள் போனதும் இறுக ஆரம்பிக்கும். ஆகவே நடிகரை இரண்டுக்கும் நடுவே அலையவிடாதீர்கள். தோல் இழுபட்டுச் சிவந்துவிடும்.

கண் லென்ஸ்: அந்தப் படத்தில் பேய் பிடித்தவர்களாக நடித்தவர்கள் போட்டது தடித்த கண்ணாடி போன்ற லென்ஸ். போடுவதற்கே பத்து நிமிடம். பதினைந்து நிமிடத்துக்கு மேல் வைத்திருக்க முடியாது, ஏனென்றால் கண்ணுக்குக் காற்றுப் போகாது. இன்று மென்மையான லென்ஸ் கிடைக்கிறது என்பதற்காகப் பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வாங்கிப் போடாதீர்கள். மலேசியாவில் கான்டாக்ட் லென்ஸ் விற்பனை 1991 ஆம் ஆண்டு ஆப்டிகல் சட்டத்துக்கு உட்பட்டது, பதிவு பெற்றவர்தான் கொடுக்கலாம். கண்ணளவு எடுத்துத்தான் போட வேண்டும். ஒருவர் போட்டதை இன்னொருவர் போடக்கூடாது. புகை மெஷின் ஓடும் அறையில் லென்ஸோடு நிற்கவும் கூடாது.

#5 தோட்டத்துவீடு

அக்கா, செலவைக் குறைக்க ரோஸ் சிரப் பயன்படுத்தலாமா? போத்தல் மலிவு, ஏற்கெனவே சிவப்பாகவும் இருக்கிறது. இன்னொன்று, முகத்தில் காயம் செய்ய ஜெலட்டின் நல்லதா, லேடெக்ஸ் நல்லதா? படப்பிடிப்பு செம்பனைத் தோட்டத்தில், பகலில்.

#6 ஒப்பனைமேசை

தம்பி, ரோஸ் சிரப் வேண்டாம். ரொம்ப நீர்த்தது, தோலில் நிற்காமல் ஓடிவிடும். வெள்ளைச் சட்டையில் பட்டால் இளஞ்சிவப்பாகத்தான் தெரியும். தரையில் சிந்திய குளம் மாதிரித் தூரத்து ஷாட்டுக்கு மட்டும், சோள மாவு கரைத்துக் காய்ச்சிக் கெட்டியாக்கினால் ஒப்பேற்றலாம்.

பகல் வெளிச்சத்தில், 33 பாகை சூட்டில் ஜெலட்டின் உருகும். அது தாங்காது. லேடெக்ஸ்தான் சரி. மெல்லிய டிஷ்யூவைக் கிழித்து ஒட்டி அதன்மேல் லேடெக்ஸ் பூசி, ஒரு படலம் முழுக்கக் காய்ந்து நிறம் மாறிய பிறகே அடுத்தது. மூன்று அல்லது நான்கு படலம் போதும். ஹேர் டிரையரைக் குளிர்காற்றில் வையுங்கள். சூட்டில் வைத்தால் மேலே தோல் கட்டி உள்ளே ஈரமாகவே இருக்கும், வியர்த்ததும் ஓரம் தூக்கிக்கொள்ளும். லேடெக்ஸில் அம்மோனியா உண்டு, கண்ணுக்குப் பக்கத்தில் போடாதீர்கள். ரப்பர் ஒவ்வாமை சிலருக்கு உண்டு என்பதால் முந்தின நாளே முழங்கையின் உட்புறம் கொஞ்சம் தடவி 24 மணி நேரம் பார்த்துவிட வேண்டும். புருவம், மீசைமேல் வாசலின் தடவாமல் பூசினால் உரிக்கும்போது முடியும் சேர்ந்து வரும்.

#7 மைக்பிடி

எல்லோரும் கண்ணால் பார்ப்பதையே பேசுகிறோம். கேம்பல் செய்த வேலையில் பாதி காதுக்கானது.

காட்டு வீட்டில் பதிவான ஒலி பல இடங்களில் பயன்படவில்லை. பின்னால் ஒலிக்கூடத்தில் எல்லாவற்றையும் மறுபடி உருவாக்க வேண்டியதாயிற்று. சதையைக் குத்தும் ஓசைக்குச் செத்த கோழியைக் கத்தியால் குத்தினார்கள். கேம்பல் மைக் முன்னால் மணிக்கணக்கில் அலறினார். படம் பார்க்காமல் ஒலியை மட்டும் ஒருதரம் கேட்டுப் பாருங்கள், அந்த மனிதர் எவ்வளவு உழைத்திருக்கிறார் என்று தெரியும்.

அலறல் பதிவு செய்வதற்கு: மைக்கிலிருந்து வாயை 40 முதல் 60 செ.மீ. தள்ளி, கொஞ்சம் பக்கவாட்டில் நிற்கவைக்க வேண்டும். உச்சம் -12 டெசிபலுக்குக் கீழே நிற்கும்படி அளவை வைத்து, இரண்டாவது டிராக்கை இன்னும் 10 டெசிபல் குறைத்துப் பாதுகாப்புக்கு ஓடவிடுங்கள். வெடித்துக் கிழிந்த அலறலைப் பின்னால் எந்த மென்பொருளாலும் முழுதாகச் சரிசெய்ய முடியாது. பெரிய அலறல்களைக் கடைசிக்கு வையுங்கள், வசனம் முதலில். அலறிய தொண்டையில் வசனம் கரகரக்கும். 15 நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி, வெதுவெதுப்பான தண்ணீர் கொடுங்கள். ஐஸ் மைலோ வேண்டாம்.

#8 பட்டர்வொர்த்_பெரி

கேமரா பக்கம் நான் சொல்கிறேன். காட்டுக்குள் பேய் ஓடிவருவதுபோல் தரையோடு தரையாக வருகிற ஷாட்டுக்கு அவர்களிடம் ஸ்டெடிகேம் (ஓடும்போது கேமரா ஆடாமல் தாங்கும் கருவி) இல்லை. ஒரு மரச்சட்டத்தின் நடுவில் கேமராவைப் பூட்டி, இரண்டு முனையையும் இரண்டு பேர் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். நீளமான சட்டம் சின்ன அதிர்வுகளைத் தானே அமுக்கிவிடும், பெரிய அசைவு மட்டும் மிஞ்சும். தள்ளாடி வருகிற உணர்வு வருவது அதனால்தான்.

செய்முறை: 18 மி.மீ. பிளைவுட், 1.2 மீட்டர் நீளம், 10 செ.மீ. அகலம். நடுவில் ஓட்டை. கால் அங்குல, அங்குலத்துக்கு 20 மரை உள்ள போல்ட். டிரைபாடில் இருப்பதும் அதே மரைதான். பலகையையும் வாஷரையும் கழித்து, கேமராவுக்குள் 5 மி.மீ. மட்டுமே ஏற வேண்டும். அதற்குமேல் ஏறினால் உள்ளே அடித்தட்டு உடையும். பலகைக்கும் கேமராவுக்கும் நடுவில் ரப்பர் ஷீட் ஒன்று. கேமராவின் வாரைத் தனியாகப் பலகையில் கட்டிவிடுங்கள்.

லென்ஸ் அகலமாக இருக்கட்டும், முழு ஃபிரேம் கேமராவில் 16 முதல் 18 மி.மீ. கேமராவுக்குள் இருக்கும் அதிர்வுத் தடுப்பை அணைத்துவிட வேண்டும். அகல லென்ஸில் ஓடும்போது அது மூலைகளை ரப்பர்போல் இழுக்கும். பலகை தரையிலிருந்து ஒரு முழ உயரத்துக்குமேல் போனால் வேகம் தெரியாது. ஓடுகிற பாதையை முதலில் நடந்து பார்த்து, வேர், குழி, செம்பனை முள் எல்லாம் அகற்ற வேண்டும். மழை பெய்த அன்று இதைச் செய்யவே கூடாது.

இங்கேதான் நடிகனின் வேலை வருகிறது. எதிரே ஓடிவருவது வெறும் பலகை. கேம்பல் பார்வையை லென்ஸின் எந்த ஓரத்தில் வைத்தார், எந்த அடியில் நின்றார் என்பதை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். பேயே இல்லாத ஷாட்டில் அதன் பருமனையும் தூரத்தையும் அவர் கண்தான் சொல்கிறது.

#9 ரீல்பெட்டி

பட்டர்வொர்த்தார் சொன்னதோடு இரண்டாம் பாகத்தையும் சேர்க்க வேண்டும். அதன் உட்புறக் காட்சிகளை வட கரோலைனாவின் வேட்ஸ்பரோவில் ஒரு பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடத்துக்குள் செட் போட்டு எடுத்தார்கள். தன் கையே தன்னை அடிக்கும் காட்சியில் கேம்பல் தட்டுகளை மண்டையில் உடைத்துக்கொண்டு, தானே தன்னைத் தூக்கிப் போட்டதுபோல் குட்டிக்கரணம் அடித்து விழுகிறார். ஒரே உடம்பில் அடிப்பவனும் அடிபடுபவனும். வலது கை முடிவெடுத்த பிறகுதான் முகத்துக்கு விஷயம் தெரிய வேண்டும், அந்தக் கால் நொடி இடைவெளி இல்லாவிட்டால் காட்சியே இல்லை.

உடையும் தட்டு, போத்தலுக்குச் சர்க்கரைக் கண்ணாடி செய்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பாகை 150 பாகை செல்சியஸ் வரை காய்ச்சி அச்சில் ஊற்றினாலும், பினாங்குக் கடலோர ஈரத்தில் சில மணி நேரத்திலேயே மேல்பரப்பு பிசுபிசுக்கும். அன்றைக்கே செய்து, சிலிக்கா ஜெல் பையோடு பிஸ்கட் டின்னில் மூடி வைத்து, அன்றைக்கே உடைத்துவிட வேண்டும். சர்க்கரைக் கண்ணாடியும் உடைந்தால் கூராகத்தான் இருக்கும். முகத்துக்கு நேரே வேண்டாம்.

#10 பினாங்கு_பழையபடம்

கேம்பலைப் பற்றிப் பேசும்போது நம்ம மண்ணில் அவருக்கு முன்னோடியாக இருந்த மரியா மெனாடோவை விட்டுவிட முடியாது.

சுலாவெசியின் மெனாடோ பகுதியில் 1932-இல் பிறந்தவர். சிங்கப்பூரில் இருந்த கேத்தே-கெரிஸ் நிறுவனம் 1957-இல் எடுத்த 'பொந்தியானா' (மலாய்க் கதைகளில் வரும் பெண் பேய்) படத்தில் அவர்தான் நாயகி. இயக்கியது இந்தியாவிலிருந்து வந்த பி. என். ராவ். அதே ஆண்டில் 'டெண்டாம் பொந்தியானா', 1958-இல் 'சும்பா பொந்தியானா'. அழகுக்கென்று பெயர் எடுத்த நடிகை, கூன் விழுந்த உருவத்திலும் பேய் உருவத்திலும் வருவதற்குச் சம்மதித்தார் என்பதை யோசித்துப் பாருங்கள். பிறகு தன் பெயரிலேயே தயாரிப்பு நிறுவனம் தொடங்கினார். 1963-இல் பகாங் சுல்தானை மணந்ததோடு திரையிலிருந்து விலகினார். முதல் இரண்டு படங்களும் இன்று காணக் கிடைப்பதில்லை. மூன்றாவதுதான் தப்பியது.

நம்மவர் பங்கும் இதில் உண்டு. சென்னையில் பிறந்து பினாங்கில் வளர்ந்த எல். கிருஷ்ணன் 1958-இல் கேத்தே-கெரிஸுக்காக 'ஓராங் மிஞ்ஞாக்' (எண்ணெய் மனிதன்) எடுத்தார். அதே ஆண்டில் போட்டி நிறுவனமான ஷா பக்கத்தில் மலாய்த் திரை நட்சத்திரம் பி. ராம்லி 'சும்பா ஓராங் மிஞ்ஞாக்' எடுத்தார். ராம்லிக்கு 1950-இல் 'பக்தி' படத்தில் நாயகன் வேடம் கொடுத்தவரும் இதே கிருஷ்ணன்தான். மலாய்ப் பேய்ப்பட மரபை உருவாக்கிய கைகளில் தமிழ்க் கையும் ஒன்று என்பதை நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும்.

கேம்பலுக்கும் மரியாவுக்கும் பொதுவாக நான் பார்ப்பது இதுதான். இருவருமே நடிப்போடு நிற்காமல் தயாரிப்பின் கணக்குப் புத்தகத்துக்குள்ளும் போனார்கள்.

#11 மூன்றாம்வரிசை

பினாங்கு அண்ணே சொன்னது என் வாதத்தைக் கொஞ்சம் அசைக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் முழுதாக விட்டுக்கொடுக்க மாட்டேன். கேம்பலை நிலைக்க வைத்தது சினிமாவைவிடத் தொலைக்காட்சி என்பேன். 1993-94-இல் 'பிரிஸ்கோ கவுண்டி ஜூனியர்' ஒரே பருவத்தோடு நின்றது. பிறகு நியூசிலாந்தில் எடுத்த 'ஹெர்குலிஸ்', 'ஜீனா' தொடர்களில் திருடன் ஆட்டோலைகஸ். அங்கே நடிப்போடு சில அத்தியாயங்களை இயக்கியும் இருக்கிறார். 2007 முதல் 2013 வரை 'பர்ன் நோட்டீஸ்' ஏழு பருவம், அதில் பேயும் இல்லை, ரத்தமும் இல்லை. மாதச் சம்பளம்போல் வருகிற அந்த வேலைதான் சொந்தப் படம் எடுக்கத் துணிச்சல் கொடுத்திருக்கும்.

நடிப்பு என்று பார்த்தால், 2002-இல் டான் கோஸ்கரெல்லி இயக்கிய 'பப்பா ஹோ-டெப்' தான் அவருடைய உச்சம். முதியோர் இல்லத்தில் கிடக்கும் எல்விஸ் பிரெஸ்லியாக, இடுப்பு வலியோடு நடைச்சட்டத்தைப் பிடித்து நகர்கிறார். அதில் குட்டிக்கரணமும் இல்லை, அலறலும் இல்லை, முகமும் குரலும் மட்டும்தான். ஆஷைத் தாண்டி அவரால் போக முடியும் என்பதற்கு அந்த ஒரு படம் போதும். வாய்ப்புத் தருகிறவர்கள்தான் குறைவு.

#12 ரீல்பெட்டி

'பப்பா ஹோ-டெப்' படத்தைப் பெரிய விநியோகஸ்தர் யாரும் தூக்கிச் சுமக்கவில்லை. குறைந்த பிரதிகளை ஊர் ஊராகக் கொண்டுபோய்த்தான் ஓட்டினார்கள், கேம்பலும் கூடவே போய்ப் பார்வையாளர்களைச் சந்தித்தார். 2007-இல் 'மை நேம் இஸ் புரூஸ்' எடுத்தபோது ஓரிகனில் தன் சொந்த நிலத்திலேயே ஊர்ச் செட் போட்டார், இயக்கியதும் அவரே. 2015 முதல் 2018 வரை 'ஆஷ் வெர்சஸ் ஈவில் டெட்' மூன்று பருவம் முடிந்ததும், இனித் திரையில் ஆஷாக வரப்போவதில்லை என்று அவரே அறிவித்தார். மாட்டிக்கொண்டவர் அப்படிச் செய்ய மாட்டார், மூன்றாம்வரிசை. அறுபது வயது உடம்பு இனி அந்த அடியைத் தாங்காது என்று கணக்குப் போட்டு, பாத்திரத்தைத் தானே இறக்கி வைத்தார்.

#13 தோட்டத்துவீடு

எல்லோருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று: ரத்தக் காட்சி இருக்கிற நாளில் ஷாட்டுகளை எந்த வரிசையில் எடுப்பது? எங்களிடம் ஒரே நடிகர், ஒரே நாள்.

#14 ஒப்பனைமேசை

காலையில் சுத்தமான முகத்தோடு உள்ள எல்லாவற்றையும் முடியுங்கள் தம்பி, கதையில் அது கடைசியில் வந்தாலும் சரி. அடுத்து காயம் மட்டும், ரத்தம் காய்ந்த நிலை. அதற்குப் பிறகுதான் ஈர ரத்தம். பம்ப் வைத்துச் சீறும் ஷாட் நாளின் கடைசி, அதற்குமேல் எதுவும் இருக்கக்கூடாது.

ஒரே மாதிரிச் சட்டை குறைந்தது மூன்று வாங்குங்கள், மூன்றையும் இரண்டு தரம் துவைத்துப் பழசாக்கி வையுங்கள். ஒன்று சுத்தமாக, ஒன்று பாதி ரத்தத்தோடு, ஒன்று முழுக்க நனைய. ஒவ்வொரு கட் சொன்னதும் முன்னாலிருந்தும் இரண்டு பக்கத்திலிருந்தும் கைப்பேசியில் படம் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த ஷாட்டில் கறை இடம் மாறும். கேமரா லென்ஸுக்கு முன்னால் தெளிவான ஃபில்டர் கட்டாயம். தரைக்குத் தார்ப்பாய் விரித்து, அதன்மேல் பழைய துண்டுகளைப் போடுங்கள், வெறும் தார்ப்பாயில் பாகு சிந்தினால் நடிகர் வழுக்கி விழுவார்.

முடிந்ததும் முதலில் வெதுவெதுப்பான தண்ணீர், அதன் பிறகுதான் சோப்பு. சாயம் தோலில் தங்கிவிட்டால் ஷேவிங் நுரை தடவி இரண்டு நிமிடம் விட்டுத் துடைத்தால் வரும். பூசுவதற்கு முன்பே கழுத்திலும் கையிலும் மெல்லியதாக வாசலின் தடவியிருந்தால் அந்தப் பாடே இல்லை, ஆனால் லேடெக்ஸ் ஒட்டப்போகும் தோலில் மட்டும் (புருவம், மீசை தவிர) வாசலின் படக்கூடாது.